கடற்கரையும் கத்திரிக்கோலும்

ஸ்பெயின் எனக்கு முதலில் ஒரு கவிஞனின் பெயராகத்தான் அறிமுகம். லோர்க்கா. நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். 1936 ஆகஸ்டில் கிரனடாவுக்கு வெளியே அவனைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. வெகுநாள் கழித்து, பொருளாதாரப் புள்ளிவிவரங்களைப் புரட்டியபோது இன்னொரு ஸ்பெயின் தட்டுப்பட்டது. 2024ல் அங்கே போன அந்நிய நாட்டுப் பயணிகள் சுமார் 9 கோடியே 40 லட்சம். அந்த நாட்டின் ஜனத்தொகையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்த இரண்டு ஸ்பெயின்களுக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதே என் கேள்வி.

1950ல் உலகம் முழுவதிலும் எல்லை தாண்டிய உல்லாசப் பயணங்கள் இரண்டரைக் கோடி. 2019ல் 146 கோடி; அதனால் வந்த வருமானம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டாலர். 2020ல் பெருந்தொற்றில் சரிந்த எண்ணிக்கை 2024க்குள் அநேகமாகப் பழைய அளவைத் தொட்டுவிட்டது. ஜெட் விமானம், சம்பளத்தோடு விடுமுறை, போருக்குப் பிந்தைய மேற்கு ஐரோப்பியச் செழிப்பு என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரி. பயணி ஏன் கிளம்பினான் என்பதற்கு இவை பதில். அவனை வரவேற்றவர் யார், எதற்காக வரவேற்றார் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை.

ஸ்பெயினில் பதில் இருக்கிறது. 1951ல் ஃபிராங்கோ ஓர் அமைச்சகத்தை ஏற்படுத்தினார். பெயர், தகவல் மற்றும் உல்லாசப் பயண அமைச்சகம். தகவல் என்றால் தணிக்கை என்று படிக்க வேண்டும். எந்தப் புத்தகம் அச்சேறலாம், எந்தப் படத்தில் எந்தக் காட்சியை வெட்ட வேண்டும் என்று தீர்மானித்த இலாகாதான் கடற்கரைகளையும் விளம்பரப்படுத்தியது. வெளியிலிருந்து வருகிறவன் எதைப் பார்க்க வேண்டும், உள்ளே இருப்பவன் எதைப் படிக்கக் கூடாது என்ற இரண்டும் ஒரே அமைச்சரின் பொறுப்பு. நான் இதைத் தற்செயல் என்று நினைக்கவில்லை.

1959ல் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிப்போனது. நாணய மதிப்பைக் குறைத்து டாலருக்கு 60 பெஸட்டா என்றார்கள். ஜெர்மன் தொழிலாளிக்கும் ஆங்கிலேய குமாஸ்தாவுக்கும் ஸ்பெயின் மலிவாகிவிட்டது. 1960ல் சுமார் 60 லட்சம் பேர் வந்தார்கள்; 1973ல் 3 கோடியே 40 லட்சத்துக்கு மேல். இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் இடையில் இருந்த பள்ளத்தின் பெரும்பகுதியை இந்தப் பணம் தூர்த்தது. அதே ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பானியர்கள் கூலி தேடி ஜெர்மனிக்கும் ஃபிரான்ஸுக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் போனார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமும் இதே கணக்கைத்தான் நேர் செய்தது. வெயிலைத் தேடி வந்தவர்களும் வேலையைத் தேடிப் போனவர்களும் எல்லை ரயில் நிலையங்களில் எதிரெதிரே கடந்திருப்பார்கள்.

1966ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜனவரி 17 அன்று தென்கிழக்கே பலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே இரண்டு அமெரிக்க ராணுவ விமானங்கள் மோதிக்கொண்டன. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. அணு வெடிப்பு நிகழவில்லை. ஆனால் இரண்டு குண்டுகளிலிருந்து புளுட்டோனியம் வயல்களில் சிதறியது. ஒன்று கடலில் கிடந்தது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, மார்ச் 8 அன்று, அமைச்சர் மனுவேல் ஃபிராகா அமெரிக்கத் தூதருடன் அந்தக் கடலில் இறங்கிக் குளித்துக் காட்டினார். புகைப்படக்காரர்கள் தயாராக இருந்தார்கள். அதே மாதம் 18ந் தேதி ஃபிராகாவின் பத்திரிகைச் சட்டம் வந்தது. முன்தணிக்கை இனி இல்லை என்றது. அபராதமும் முடக்கமும் உண்டு என்றது. ‘மாட்ரிட்’ என்ற நாளிதழ் 1971ல் இழுத்து மூடப்பட்டது. கடல் சுத்தமாக இருக்கிறது, எழுத்து சுதந்திரமாக இருக்கிறது என்று ஒரே மனிதர் ஒரே மாதத்தில் நிரூபித்ததாக நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உல்லாசப் பயணிகள்தான் ஸ்பெயினுக்கு ஜனநாயகத்தைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். அந்நியர்களைப் பார்த்து உடையும் பழக்கமும் மாறின. ஆனால் சர்வாதிகாரி 1975ல் படுக்கையில்தான் செத்தார், பதவியோடு. லோர்க்காவின் கொலையை ஆராய்ந்து ஐயன் கிப்ஸன் 1971ல் பாரிஸில் வெளியிட்ட நூல் ஸ்பெயினில் தடைசெய்யப்பட்டது. அந்த வருஷமும் கடற்கரைகள் நிரம்பித்தான் இருந்தன. குளிக்க வந்தவனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவன் பதினைந்து நாள் வெயிலுக்குத்தான் பணம் கட்டியிருந்தான். அந்தப் பணம் யாரை நிமிர்த்தி வைத்தது என்பதை மட்டும் வரவுக் கணக்கு சொல்லாது.

அமைச்சகம் 1977ல் கலைக்கப்பட்டது. ஓட்டல்கள் இருக்கின்றன. அலிகாந்தே சிறையில் 1942ல் காசநோயில் செத்த கவிஞன் மிகேல் எர்னாந்தெஸ். அப்போது வயது 31. பெனிடோர்ம் ஓட்டல்களுக்குப் போகிறவர்கள் இறங்கும் அலிகாந்தே விமான நிலையத்துக்கு 2021ல் அவன் பெயரை வைத்தார்கள். 2024ல் அதைக் கடந்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். கிரனடா விமான நிலையத்துக்கு அதற்கு முன்பே லோர்க்காவின் பெயர்.

இரண்டு கவிஞர்களின் பெயரும் இப்போது பயணச்சீட்டுகளில் இருக்கின்றன. லோர்க்காவின் எலும்புகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.