டாக்காவில் ஒரு பாடசாலை

1971-ஆம் ஆண்டின் கடைசியில் நம் வீடுகளுக்கு வந்த கடிதங்களை நினைத்துப் பாருங்கள். வழக்கமான தபால் தலையோடு கூடவே 5 பைசா தலை ஒன்றும் உறையில் ஒட்டியிருக்கும். அகதிகள் நிவாரணத்துக்காக அரசு வசூலித்த கூடுதல் கட்டணம் அது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்திருந்த நேரம். அவர்களை நாம் நேரில் பார்த்ததில்லை. பத்திரிகைப் படங்களில்தான் பார்த்தோம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் குடித்தனம் நடத்திய குடும்பங்களின் படங்கள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன.

அந்தப் படங்களை எடுத்தவர்களில் நம் நாட்டு ரகு ராய் ஒருவர். அடுத்த ஆண்டே அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிஷோர் பரேக் இன்னொருவர். இரண்டே வாரங்களில் அவர் எடுத்த படங்கள் பிறகு புத்தகமாக வந்தன. மேல்நாட்டுப் படக்காரர்களும் கூட்டமாக வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய நிதி திரட்டும் கச்சேரி பலருக்கு நினைவிருக்கும். அதன் இசைத்தட்டு உறையில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, முன்னால் ஒரு பாத்திரம். நல்ல எண்ணத்தோடு போட்ட படம்தான். ஆனால் வங்கதேசம் என்றால் உலகத்துக்கு அந்தப் படம் ஒன்றே என்று ஆகிவிட்டது. பிறகு வந்த புயலும் வெள்ளமும் பஞ்சமும் அதையே உறுதிப்படுத்தின.

அந்த நாட்டிலும் படக்காரர்கள் இருந்தார்கள். ரஷீத் தாலுக்தார் என்பவர் 1969 கிளர்ச்சியையும் 1971 படுகொலைகளையும் அங்கேயே இருந்து படமெடுத்தார். ஆனால் ஒரு பேரிடர் நடந்தால் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஆள் அனுப்பிப் படமெடுப்பதுதான் வழக்கம். உள்ளூர்க்காரருக்கு வழிகாட்டி வேலை, மொழிபெயர்ப்பு வேலை. படத்தின் அடியில் பெயர் வருவது வந்து போனவருக்கு.

இந்த நிலைமையை மாற்றியதில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன்.

ஷாஹிதுல் ஆலம் 1955-இல் டாக்காவில் பிறந்தவர். லண்டனில் வேதியியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். கேமரா அவர் கைக்கு வந்தது தற்செயலாக. வெளிநாட்டுப் பயணத்தின்போது ஒரு நண்பருக்காகக் கேமரா வாங்கிவந்தார். நண்பரால் பணம் கொடுக்க முடியவில்லை. கேமரா இவரிடமே தங்கிவிட்டது. லண்டனில் குழந்தைகளைப் படமெடுத்துச் சம்பாதித்தார். 1984-இல் ஊருக்குத் திரும்பினார். அப்போது ஜெனரல் எர்ஷாத்தின் ராணுவ ஆட்சி. அதை எதிர்த்துத் தெருவில் நடந்த போராட்டங்களை, 1990 டிசம்பரில் எர்ஷாத் பதவி விலகும்வரை, தொடர்ந்து படமெடுத்தார்.

அவரே பல இடங்களில் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. வட அயர்லாந்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது இவர் பையிலிருந்து சில்லறைக் காசுகளை எடுத்து வைத்தாராம். அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம். வங்கதேசத்துக்காரரிடம் காசு இருக்க முடியும் என்று அந்தக் குழந்தை நினைத்ததே இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். படங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறது.

1989-இல் அவர் டாக்காவில் 'த்ரிக்' என்ற பட நிறுவனத்தைத் தொடங்கினார். உள்ளூர்க்காரர்கள் எடுத்த படங்களை உலகப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் நிறுவனம். இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. நம் வீட்டில் தொங்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் 'திருக்' இதுதான். பார்வை என்று பொருள். 'மூன்றாம் உலகம்' என்ற சொல்லையும் அவர் ஏற்கவில்லை. மனிதர்களில் பெரும்பான்மையோர் நம்மைப் போன்ற நாடுகளில்தானே இருக்கிறார்கள், ஆகவே 'பெரும்பான்மை உலகம்' என்று சொல்லுங்கள் என்றார்.

படங்களை விற்க நிறுவனம் வந்தாயிற்று. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமே? 1998-இல் பள்ளியைத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அப்போது டாக்காவில் மூன்றாண்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியது. பள்ளி அதோடு சேர்ந்து நடந்தது. பள்ளிக்கு அவர் வைத்த பெயர் 'பாட்ஷாலா'. நம் பாடசாலையேதான். மரத்தடியில் வாத்தியாரும் பிள்ளைகளும் உட்கார்ந்து படித்த அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியை நினைவுபடுத்தும் பெயர்.

அந்தப் பாடசாலையின் பிள்ளைகள் வாங்கிய விருதுகளை வரிசையாகச் சொன்னால் பட்டியல் நீளும். எனக்கு முக்கியமாகத் தோன்றும் சிலரை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அபீர் அப்துல்லா. ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர். 1971-இல் துப்பாக்கி ஏந்திய விடுதலைப் போராளிகள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று தேடிப்போய்ப் படமெடுத்தார். அதற்கு 2001-இல் அமெரிக்காவின் மதர் ஜோன்ஸ் விருது கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் அதே விருதை ஷாஹிதுல் ஆலம் வாங்கியிருந்தார். ஆசிரியர் வாங்கிய பரிசைப் பத்து ஆண்டுகளுக்குள் மாணவரும் வாங்கிவிட்டார். அபீர் பின்னாளில் அதே பள்ளியில் பாடம் நடத்தி, அதன் முதல்வராகவும் இருந்தார்.

ஜி.எம்.பி. ஆகாஷ் அடுத்தவர். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ நடத்தும் உயர்நிலைப் பயிற்சி வகுப்புக்கு 2002-இல் தேர்வானார். அந்த நாட்டிலிருந்து அதற்குத் தேர்வான முதல் ஆள் அவர். 2006-இல் அந்த அமைப்பின் பரிசையும் வாங்கினார். பட்டறைகளிலும் செங்கல் சூளைகளிலும் உழைக்கும் குழந்தைகளை வருடக்கணக்கில் படமெடுத்தவர்.

முனேம் வாசிஃப் 2008-இல் பிரான்ஸின் பெர்ப்பிஞான் நகரத்தில் இளம் செய்திப் படக்காரருக்கான விருதை வாங்கினார். அதே ஆண்டு சாத்கீரா என்ற தென்மேற்குக் கடலோர மாவட்டத்தில் குடிநீர்ப் பஞ்சத்தைப் படமெடுக்கும் பணியும் பிரீ பிக்டே என்ற சர்வதேசப் பரிசு அமைப்பின் மூலம் அவருக்கு வந்தது. வயலில் உப்புநீரைத் தேக்கி இறால் வளர்த்தார்கள். நிலம் உப்பானது, குளம் உப்பானது, ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் வெகுதூரம் நடந்தார்கள். நாகப்பட்டினம், சீர்காழிப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் இறால் பண்ணைகளை எதிர்த்து நின்றதும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. வாசிஃபின் படங்களைப் பார்த்தால் நம் கடலோரத்தைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

தஸ்லிமா அக்தரின் பெயர் தெரியாதவர்களும் அவர் எடுத்த படத்தைப் பார்த்திருப்பார்கள். 2013 ஏப்ரல் 24 காலை, டாக்காவுக்குப் பக்கத்தில் சாவாரில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்தது. உள்ளே துணி தைக்கும் தொழிற்சாலைகள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. இருந்தும் தொழிலாளர்களை வேலைக்கு ஏற்றினார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தஸ்லிமா பகல் முழுவதும் அங்கேயே இருந்தார். நள்ளிரவு கடந்த பிறகு இடிபாட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அணைத்தபடி இறந்து கிடப்பதைக் கண்டு படமெடுத்தார். அவர்கள் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா, அந்த நிமிடம்வரை பேசியே இராதவர்களா என்று எடுத்தவருக்கே தெரியாது. 2014-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசுகளில் ஒன்று அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

தஸ்லிமா அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆயத்த ஆடைத் தொழிலாளர்களின் சங்கப் பணியில் இருந்தவர். அந்தப் பெண்களின் வீடுகளை, கூலியை, பிள்ளைகளை அறிந்தவர். விபத்துக்குப் பிறகும் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார். விமானத்தில் வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர் இதைச் செய்ய முடியாது. அவரும் அதே பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர்.

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி வரலாம். எனக்கும் வந்தது. பரிசு கொடுப்பவர்கள் ஆம்ஸ்டர்டாமிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். பரிசு வாங்கும் படங்களில் பசியும் சாவும் வெள்ளமும். இசைத்தட்டு உறையிலிருந்த அந்தக் குழந்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எடுக்கும் கை மட்டும்தானே மாறியிருக்கிறது?

இதற்கு என் மனதுக்குச் சரியென்று பட்ட பதில் இன்னொரு மாணவரிடம் இருக்கிறது. சர்கார் புரோதிக் என்ற இளைஞர் தன் தாத்தா பாட்டியைப் படமெடுத்தார். தாத்தா பெயர் ஜான், பாட்டி பெயர் புரோபா. முதுமை, நோய், ஓர் அறை, கட்டில், வெள்ளைச் சுவர், ஜன்னல் வழியே வரும் வெளிச்சம். இவ்வளவுதான் படங்களில் உள்ளவை. எல்லாமே வெளிச்சத்தில் கரைந்துபோவது போல வெளுத்திருக்கும். 'எஞ்சியிருப்பவை' என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். 2015-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவில் அன்றாட வாழ்க்கைப் பிரிவில் தொடர்படங்களுக்கான இரண்டாம் பரிசு. அந்தப் படங்களில் வங்கதேசம் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. நம் தெருவில் எந்த வீட்டிலும் அந்த அறை இருக்கிறது. நம்மில் சிலர் அந்தக் கட்டிலுக்கு வெகுதூரத்திலும் இல்லை. தன் வீட்டு முதியவர்களையே ஒரு பையன் பொறுமையாகப் பார்த்தான், உலகம் நின்று பார்த்தது. புரோதிக்கும் பிறகு அங்கேயே ஆசிரியரானார்.

பரிசு கொடுக்கும் இடத்திலும் மாற்றம் வந்தது. 2003-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ நடுவர் குழுவுக்கு ஷாஹிதுல் ஆலமே தலைமை வகித்தார். வெளிநாட்டு மெச்சுதலை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவும் இல்லை. 2000-இலிருந்து டாக்காவில் 'சோபி மேளா' என்ற படத் திருவிழாவை நடத்தி வருகிறார்கள். வங்காளத்தில் சோபி என்றால் படம். அரங்குக்கு வரத் தயங்கும் ஜனங்களுக்காகச் சைக்கிள் ரிக்ஷா வண்டிகளில் படங்களை மாட்டித் தெருத்தெருவாக ஓட்டிப்போனார்கள். காய்கறி வாங்க வந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள்.

இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு விலையும் இருந்தது. 2010 மார்ச்சில், விசாரணையில்லாமல் நடக்கும் 'என்கவுன்ட்டர்' கொலைகளைப் பற்றி ஆலம் எடுத்த படங்களின் கண்காட்சியைப் போலீசார் தடுத்து நிறுத்தினார்கள். 2014-இல் கலைக்கான உயர்ந்த அரசு விருதான சில்பகலா விருது அவருக்குக் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில் அதே அரசு அவரைச் சிறையில் அடைத்தது. 2018 ஜூலை இறுதியில் டாக்காவில் பேருந்து மோதி இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். பாதுகாப்பான சாலை கேட்டு பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் தாக்கப்பட்டதை ஆலம் படமெடுத்தார், தொலைக்காட்சிப் பேட்டியிலும் சொன்னார். ஆகஸ்ட் 5 இரவு வீட்டிலிருந்து இழுத்துச் சென்றார்கள். ஜாமீனில் வெளியே வர 107 நாட்கள் ஆயின. அப்போது அவருக்கு வயது 63.

அந்த நாட்களில் அவருடைய மாணவர்கள் படக் கண்காட்சியும் ஆர்ப்பாட்டமும் நடத்தினார்கள். நம் நாட்டிலிருந்து ரகு ராய் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1971-இல் அந்த மக்களின் துயரத்தைப் படமெடுத்த அதே ரகு ராய்தான். அமர்த்தியா சென்னும் குரல் கொடுத்தார். அந்த ஆண்டு டைம் பத்திரிகை ஆண்டின் மனிதர்களாகத் தேர்ந்தெடுத்த பத்திரிகையாளர்களோடு ஆலமின் பெயரையும் சேர்த்தது. சிறையிலிருந்து வெளியே வந்த மூன்று மாதங்களில், 2019 பிப்ரவரி இறுதியில், பத்தாவது சோபி மேளா நடந்தது.

பள்ளிக்கூடம் நல்லதா என்று பார்க்க, அங்கே படித்தவர்கள் எத்தனை பரிசு வாங்கினார்கள் என்று எண்ணுவது ஒரு வழி. நான் வேறொன்றைக் கவனித்தேன். அபீர், தஸ்லிமா, வாசிஃப், புரோதிக் எல்லோருமே வெளியே பெயர் வாங்கிய பிறகு அதே பள்ளிக்குத் திரும்பி வந்து வகுப்பெடுத்திருக்கிறார்கள். இன்னொரு மாணவரான சைஃபுல் ஹக் ஓமி, ரோஹிங்கியா அகதிகளைப் பல ஆண்டுகள் படமெடுத்தவர், 'கவுண்டர் ஃபோட்டோ' என்ற பெயரில் தானே ஒரு பள்ளி தொடங்கிவிட்டார். 2017-இல் ரோஹிங்கியாக்கள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, அவர்களைப் படமெடுக்க வங்கதேசத்துப் பிள்ளைகளே அங்கே இருந்தார்கள். படங்களின் அடியில் அவர்கள் பெயரும் இருந்தது.

உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் செல்பேசியில் இந்தப் படங்களைத் தேடிக் காட்டுவார்கள். ராணா பிளாசா படத்தைப் பார்க்க மனம் திடமாக இருக்க வேண்டும். அந்தத் தாத்தா பாட்டி படங்களைச் சாயங்கால நேரத்தில் நிதானமாகப் பாருங்கள்.