கம்ரி: ஒரு நாட்டின் சொந்தப் பெயர்

2022 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில், 64 ஆண்டுகளுக்குப் பிறகு வேல்ஸ் களமிறங்கியது. ஆனால், அந்நாட்டு ரசிகர்கள் தங்கள் அணியை ‘கம்ரி’ என்றே அழைக்கின்றனர். வேல்ஸ் மொழியில் அதுதான் நாட்டின் பெயர்.

‘வேல்ஸ்’ என்பது பிறர் வைத்த பெயர். பிரிட்டனில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள், அங்கு ஏற்கெனவே வாழ்ந்தவர்களை ‘வெயால்’ என்றனர். அந்நியர் என்பது அதன் பொருள். பின்னர் அடிமை என்ற பொருளிலும் அது வழங்கியது. ‘வால்நட்’ கொட்டையின் பெயரிலும் இதே சொல்தான் உள்ளது. வெளிநாட்டுக் கொட்டை என்று பொருள். வந்து குடியேறியவர்கள் மண்ணின் மக்களையே அந்நியர் என்று அழைத்தனர். அந்தப் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது.

‘கம்ரி’யின் பொருள் இதற்கு நேர்மாறானது. பழைய பிரிட்டானிய மொழியின் ‘கொம்ப்ரொகி’ என்ற சொல்லிலிருந்து அது பிறந்தது. ‘கொம்’ என்றால் உடன், சேர்ந்து. ‘ப்ரொக்’ என்றால் நிலம், எல்லை. ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பது முழுப் பொருள். வட்டாரத்தைக் குறிக்கும் ‘ப்ரோ’ என்ற சொல் வேல்ஸ் மொழியில் இன்றும் புழங்குகிறது. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியா வட்டாரத்தின் பெயருக்கும் இதே வேர்தான்.

முதலில் நாட்டுக்கும் மக்களுக்கும் இந்த ஒரே சொல்தான் இருந்தது. பிற்காலத்தில் எழுத்தில் மட்டும் கடைசி உயிரெழுத்தை மாற்றி வேறுபடுத்தினர்; உச்சரிப்பு மாறவில்லை. அந்நாட்டு ஆண் ‘கம்ரோ’, பெண் ‘கம்ரைஸ்’, மொழி ‘கம்ராய்க்’.

தமிழில் புணர்ச்சி இருப்பதுபோல் இம்மொழியிலும் சொற்கள் சேரும்போது ஒலி மாறும். ‘வேல்சில்’ என்று சொல்லும்போது ‘கம்ரி’யின் முதல் ஒலி ஏறக்குறைய ‘ங’ ஆகி, ‘அங் ஙம்ரி’ எனக் கேட்கும்.

1536ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தை மட்டுமே அனுமதித்தது. வேல்ஸ் மொழி மட்டும் தெரிந்தவர்கள் அரசுப் பதவி வகிக்க முடியாமல் போனது. 2011இல்தான் அம்மொழி வேல்சில் அதிகாரபூர்வத் தகுதியைச் சட்டப்படி பெற்றது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 538,000 பேர், அதாவது 17.8 விழுக்காட்டினர், அதைப் பேசுகின்றனர். 2050க்குள் அந்த எண்ணிக்கையைப் பத்து லட்சமாக உயர்த்த வேல்ஸ் அரசாங்கம் இலக்கு வைத்துள்ளது.

இடப்பெயர்களும் மீண்டு வருகின்றன. ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ‘எரரி’ என்ற பழைய பெயரையே பயன்படுத்த 2022இல் முடிவு செய்தது.