நிரந்தரம் என்ற சொல்லின் விலை

வேண்டாத உரோமத்தைக் கதிர்களால் அகற்றும் முயற்சி லேசருடன் ஆரம்பமானது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது லேசருக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது. அந்த முதல் அத்தியாயத்தை அழகு நிலையங்களின் விளம்பரங்களில் எவரும் காணமுடியாது.

1875 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்ள்ஸ் மிஷெல், கண்ணை உறுத்தும் இமை மயிர்களை மின்னூசியால் வேரோடு அழிக்கும் முறையை வெளியிட்டார். ஒவ்வொரு மயிராகக் குத்தவேண்டிய, வலி மிகுந்த வேலை அது. 1895 இல் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தபோது, ஊசியும் வலியும் இல்லாத வழி கிடைத்துவிட்டதென மருத்துவ உலகம் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

மறு ஆண்டே வியன்னாவில் லியோபோல்ட் புரொய்ண்ட் என்ற மருத்துவர், முதுகில் உரோமம் அடர்ந்த மறுவுடன் பிறந்த சிறுமி ஒருத்தியின் மீது அக்கதிர்களை நாட்கணக்கில் பாய்ச்சினார். உரோமம் உதிர்ந்தது. பின்னர் அவ்விடத்தில் புண் தோன்றியது. எழுபது ஆண்டுகள் கழித்து, 1966 இல் வெளியான மருத்துவக் கட்டுரையொன்று, முதுமையடைந்திருந்த அப்பெண்ணின் முதுகில் எஞ்சியிருந்த தழும்புகளையும் முதுகெலும்பின் பாதிப்பையும் விபரித்தது.

ஆனால் அதற்கிடையில் வணிகம் முந்திக்கொண்டது. 1920 களில் நியூயோர்க் மருத்துவர் அல்பர்ட் கைசர் வடிவமைத்த ‘ட்ரைக்கோ’ என்னும் எக்ஸ் கதிர் இயந்திரம் அமெரிக்க நகரங்களின் அழகு நிலையங்களில் நிறுவப்பட்டது. அதனை இயக்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். குறுகிய பயிற்சி பெற்ற பணியாளர்கள். வலியில்லை, தழும்பில்லை, உரோமம் மீண்டும் முளைக்காது என்பதே வாக்குறுதி. பெண்கள் மாதக்கணக்கில் முகத்தையும் கழுத்தையும் அக்கதிர்களுக்குக் கொடுத்தனர். தோல் சுருங்கி, நிறம் மாறி, புண்ணாகியது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. 1929 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை எச்சரித்தது. அந்நிறுவனம் வீழ்ந்த பின்னரும் ஏனைய எக்ஸ் கதிர் நிலையங்கள் நீண்டகாலம் இயங்கின. முகத்தில் உரோமம் இருப்பதையே ஒரு பெண் வெளியில் சொல்லத் தயங்கிய காலத்தில், அதனை அகற்றப்போய் ஏற்பட்ட காயத்தைப் பற்றி முறையிடுவது எப்படி? அந்த மௌனமே வணிகத்துக்குக் கேடயமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

1960 இல் தியடோர் மைமன் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் சின்சினாட்டியின் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன், அவ்வொளி கருநிறம் கொண்ட பகுதிகளையே அதிகம் தாக்குவதை அவதானித்தார். அதற்கு முறையான விளக்கம் கிடைக்க 1983 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ரொக்ஸ் அண்டர்சனும் ஜோன் பரிஷும் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் சாரம் எளிமையானது: இலக்கு மட்டும் உறிஞ்சக்கூடிய நிறத்தில் ஒளியைத் தெரிவுசெய்து, வெப்பம் அயலுக்குப் பரவுமுன் துடிப்பை நிறுத்திவிட்டால், சூழவுள்ள தோல் தப்பிக்கும். எக்ஸ் கதிருக்கு இல்லாதிருந்த பாகுபாடு இதுவே. மயிரின் இலக்கு மெலனின் என்னும் கருநிறப் பொருள். நரைமயிர் லேசருக்கு மசியாததும் இதனாலேயே.

எனினும் வாக்குறுதி மறுபடியும் அறிவை முந்தியது. 1995 இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற ‘தேர்மோலேஸ்’ நிறுவனத்தின் முறையில், தோலில் கரித்தூள் கலவையைப் பூசி லேசர் பாய்ச்சினர். 1997 இல் வெளியான ஆய்வொன்றில், ஆறாம் மாதத்தில் அனைவருக்கும் உரோமம் முழுமையாக முளைத்திருந்தது! மாறாக, அண்டர்சன் குழுவினர் 1996 இல் 13 பேரிடம் ரூபி லேசரைச் சோதித்து வெளியிட்ட முடிவு அடக்கமானது: ஆறு மாதத்தின் பின் நால்வரில் மட்டுமே பாதிக்கும் குறைவான உரோமம் மீண்டும் வளர்ந்திருந்தது. பின்னர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘நிரந்தர அகற்றல்’ என்பதற்கு இடமளியாது, ‘நிரந்தரக் குறைப்பு’ என்ற சொற்றொடரையே அனுமதித்தது. விளம்பரப் பக்கங்களைப் பல்லாண்டு பார்த்துப் பழகியவனுக்கு, அந்த ஒரு சொல்லின் மாற்றம் எத்தனை பேரைச் சங்கடப்படுத்தியிருக்கும் என்பது விளங்கும்.

நம்மவர்க்கு முக்கியமான விடயம் வேறு. மெலனின் மயிரில் மட்டுமல்ல, நமது தோலிலும் நிறைய உண்டு. ரூபி லேசரின் 694 நனோமீற்றர் ஒளியை மயிர் வேரை அடையுமுன்னரே கரிய மேற்தோல் உறிஞ்சிக் கொப்புளிக்கும்; நிறம் மாறும். வெள்ளைத் தோலையும் கரிய மயிரையும் மனதில் வைத்தே ஆரம்பச் சாதனங்கள் உருவாகின. 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீள்துடிப்பு என்டி-யாக் லேசர் வந்த பின்னரே கரிய தோலுக்கு ஓரளவு பாதுகாப்பான வழி பிறந்தது. அவ்வொளியை மெலனின் குறைவாக உறிஞ்சுவதால் அது ஆழத்துக்குச் செல்கிறது. ஆனால் அதே காரணத்தால் மெல்லிய மயிரிடம் தோற்கிறது. அத்துடன் 2000 களின் தொடக்கத்திலிருந்து இன்னொரு விசித்திரமும் பதிவாகியுள்ளது: சிகிச்சை பெற்ற முகங்கள் சிலவற்றில், அயலிலிருந்த பூனைமயிர் தடித்துக் கறுத்து வளர்ந்தது. இது தெற்காசிய, மத்திய கிழக்குப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதாக மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

இப்போது வீட்டிலேயே பாவிக்கும் ஒளிக்கருவிகள் கடைகளில் விற்பனையாகின்றன. அவற்றில் பல, முதலில் தோலின் நிறத்தை அளக்கின்றன. நிறம் மிகக் கறுப்பாக இருப்பின் ஒளியைப் பாய்ச்ச மறுத்துவிடுகின்றன.