எந்த ஊர்? அப்பா என்ன பண்றார்?

போன வாரம் ராத்திரி எங்க வீட்டு சமையலறைல நான் தேர்வாளர் ஆயிட்டேன் :-) கூட தங்கியிருக்கிற நண்பனோட தங்கச்சி, ஆக்லாந்து பல்கலைக்கழக மருத்துவ நேர்காணலுக்குத் தயாராகறா. இங்க ஒரே பெரிய இன்டர்வியூ கிடையாது. வரிசையா பல குட்டி நேர்காணல்கள். ஒவ்வொண்ணுலயும் வேற கேள்வி, வேற தேர்வாளர், சில நிமிஷம், தனி மார்க். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. ஒருத்தருக்கு நம்மளைப் பிடிக்கலைன்னாலும் அடுத்தவர்கிட்ட மீண்டுடலாம்.

ஊர்ல இருக்கிற மாமாகிட்ட போன்ல இதைச் சொன்னேன். சிரிச்சார். எழுபதுகள்ல அவர் போன மெடிக்கல் இன்டர்வியூல ரெண்டே கேள்விதானாம். "எந்த ஊர்? அப்பா என்ன பண்றார்?" "விவசாயம் சார்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்க. சீட் கிடைக்கல.

சீட் கிடைக்காதவர் புலம்பல்னுதான் நினைச்சேன். தேடிப் படிச்சா, 1970லயே தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கு. பெரியகருப்பன் வழக்கு. படிப்புக்கு 200 மார்க், நேர்காணலுக்கு 75. விளையாட்டு, சேவை, உடல்தகுதி, பொதுத்திறன், நாட்டம்னு ஐந்து தலைப்புல பார்க்கணும். ஆனா குழுக்கள் தலைப்புவாரியா பிரிக்காம மொத்தமா ஒரு எண்ணைப் போட்டிருந்தாங்க. அதோட சென்னைக் கல்லூரிகளுக்கு ஒரு குழு, வெளியூர்க் கல்லூரிகளுக்குத் தனித்தனிக் குழு. அதனால ஒரு இடத்துல அதிக மார்க் வாங்கினவர் வெளியே, இன்னொரு இடத்துல குறைஞ்சவர் உள்ளே! நீதிபதி ஹெக்டே எழுதிய தீர்ப்பு ரெண்டையும் ஏத்துக்கல. 275ல 75 என்பதே அதிகமாத் தெரியுதுன்னும் சொல்லிச்சு.

1980ல ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு. அங்க ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம். பெற்றோர், வசிப்பிடம் பற்றிய கேள்விகள். அட, மாமாவோட அதே கேள்விங்க! நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு அதுல தீர்ப்பாச்சு. தமிழ்நாட்டுல 1984ல நுழைவுத்தேர்வு வந்தது.

ஒரு சின்னக் கணக்கு. 275ல 75ன்னா 27 சதவீதம். சமீப ஆண்டுகள்ல ஆக்லாந்துல நேர்காணலுக்கு 25. கிட்டத்தட்ட ஒண்ணுதான்! அப்போ அநியாயம் வெறும் எண்ணுல மட்டும் இல்ல. யார் கேக்கறாங்க, என்ன கேக்கறாங்க, மார்க்குக்குக் கணக்கு இருக்கா என்பதுலதான் பெரும்பகுதி இருக்கு. இந்த முறையும் சுத்தத் தங்கம்னு சொல்லமாட்டேன். காசு கட்டிப் பயிற்சி எடுக்கறவங்களுக்கு இங்கயும் ஒரு படி வசதிதான். அவளுக்குக் கிடைச்சது நானும் ஒரு சமையலறை டைமரும்.

கடைசியா அவ கேட்டா: "அப்பா டாக்ஸி ஓட்டறார்னு சொன்னா மார்க் குறையுமாண்ணா?"

"அதுக்கு இங்க மார்க்கே கிடையாதும்மா"ன்னேன். மாமாகிட்ட இதை அன்னிக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.