சாரிக்குள் ஒரு புண்

'சாரி'யை நாம் கிட்டத்தட்ட தமிழாகவே ஆக்கிக்கொண்டோம். பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் சாரி, ரிப்ளை பண்ண லேட் ஆனால் சாரி. "அதான் சாரி சொல்லிட்டேன்ல, இன்னும் என்ன?" என்று சண்டையைத் தொடரவும் அதே சாரிதான். இவ்வளவு லேசாகப் புழங்கும் சொல்லின் வேரில் இருப்பது ஒரு புண்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் வலி, காயம். தொண்டை வலியை 'சோர் த்ரோட்' என்கிறார்களே, அந்த 'சோர்' இதன் நேர் வாரிசு. 'சார்' என்பதிலிருந்து பிறந்த 'சாரிக்' என்ற சொல்லுக்கு நொந்துபோன, துயருற்ற என்று பொருள். அதுதான் தேய்ந்து இன்றைய சாரி ஆனது. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ'வும் இதுவும் அக்கா தங்கை என்று தோன்றும். இல்லை. அதன் வேர் 'சோர்க்' என்ற வேறொரு சொல். ஒலியும் பொருளும் நெருக்கமாக இருந்ததால் ஒன்றின் சாயல் இன்னொன்றில் ஒட்டிக்கொண்டது.

ஆக, தொடக்கத்தில் சாரியில் மன்னிப்பே கிடையாது. 'எனக்கு வலிக்கிறது' என்ற சேதி மட்டும்தான், நம்முடைய 'வருத்தம்' மாதிரி. சாவு வீட்டில் ஆங்கிலக்காரர்கள் "ஐ ஆம் சாரி" என்பது அந்தப் பழைய பொருளில்தான். அங்கே சொல்கிறவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. "மன்னிச்சிடுங்க" என்று சொன்னால் எதிரில் இருப்பவரிடம் ஒன்றைக் கேட்கிறோம், அவர் மறுக்கவும் செய்யலாம். சாரி எதையும் கேட்பதில்லை.

வலி, தப்பு என்ற இரண்டு பொருளுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்தில் அரசுகளே புகுந்து வெளியே வந்திருக்கின்றன. 2001 ஏப்ரல் 1 அன்று சீனாவின் ஹைனான் தீவு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வெய் இறந்தார். தீவில் இறங்கிய 24 அமெரிக்கர்களைச் சீனா பிடித்து வைத்தது. மன்னிப்பு கேட்டால்தான் ஆச்சு என்றது. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கா கொடுத்த கடிதத்தில் 'வெரி சாரி' இரண்டு முறை வந்தது: விமானியின் இழப்புக்கு ஒன்று, அனுமதியில்லாமல் இறங்கியதற்கு ஒன்று. சீனா அதை மன்னிப்பு என்று தன் மக்களிடம் சொன்னது. அமெரிக்காவோ மன்னிப்பே கேட்கவில்லை என்றது. 24 பேரும் வீடு திரும்பினார்கள்.

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். அங்கே பல பத்தாண்டுகளாகப் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து அரசே பிரித்தெடுத்தது. 1999-இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் 'ஆழ்ந்த வருத்தம்' தெரிவிக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். சாரியை மட்டும் தவிர்த்தார். முந்தைய தலைமுறையின் செயலுக்கு இன்றைய தலைமுறை குற்றவாளி ஆக முடியாது என்பது அவர் வாதம். 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தில் லட்சக்கணக்கானோர் நடந்தபோது, ஒரு விமானம் வானத்தில் புகையால் அந்தச் சொல்லை எழுதிவிட்டுப் போனது.

பிறகும் எட்டு வருஷம் காத்திருந்தார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் அதைச் சொன்னார். பிரதமராக ஒரு முறை, அரசின் சார்பில் ஒரு முறை, நாடாளுமன்றத்தின் சார்பில் ஒரு முறை. அந்த மன்னிப்போடு இழப்பீட்டுப் பணம் எதுவும் வரவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள். யார் சொல்கிறார்கள், யாரிடம், எதற்காக என்பதெல்லாம் அன்று அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்தது. நம் வாட்ஸ்அப் சாரியில் முதலில் காணாமல் போவது அந்த மூன்றும்தான்.