'அ' வரிசையில் நான்கு பாட்டுகள்

ஜப்பானியப் பாட்டுகளுக்கு அட்டவணை போடுகிறவர்கள் இன்று வழக்கமாக அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு க, ச, த, ந என்று வரிசை போகும். தமிழ் அரிச்சுவடி படித்த எவருக்கும் இது பழகிய வழியாகவே தோன்றும். தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இந்திய ஒலியியலைச் சித்தம் எழுத்து வழியாகக் கற்ற பௌத்தத் துறவிகள்தான் ஜப்பானிய எழுத்துகளை இப்படி அடுக்கினார்கள். அந்த அட்டவணையின் முதல் எழுத்தில், 1937க்கும் 1940க்கும் இடையில் பிறந்த நான்கு பாட்டுகள் அருகருகே கிடக்கின்றன: ஐகோக்கு கோஷின்கியோக்கு (1937), ஐகோக்கு நோ ஹனா (1938), ஐபா ஷிங்குன்கா (1939), அகாட்சுகி நி இனோரு (1940). முதல் மூன்றும் 'ஐ' என்று தொடங்கினாலும் ஜப்பானிய எழுத்தில் அவை 'அ'வும் 'இ'யும்தான். அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐகாரம் என்று தொல்காப்பியர் சொன்னதை இதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். நாட்டுப்பற்றுப் படைநடை, நாட்டுப்பற்றின் மலர், அன்புக் குதிரையின் படைநடை, விடியலில் வேண்டுதல் என்று தலைப்புகளை மட்டும் படித்தாலே ஒரு தேசம் போருக்குத் தயாரான கதை தெரிந்துவிடும். இந்தப் பாட்டுகளை, மலாயாவின் கெடா மாநிலத்தில் வடக்கே குரூணுக்கும் தெற்கே சுங்கை பட்டாணிக்கும் இடையிலுள்ள சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத்துத் தமிழரோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பாட்டு இங்கே தங்கவில்லை. பாட்டோடு வந்த அணிவகுப்பு தங்கிவிட்டது.

ஐகோக்கு கோஷின்கியோக்கு தானாக மக்களிடம் பரவிய பாட்டு அல்ல. ஜப்பானிய அமைச்சரவையின் தகவல் துறை போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தது அது. வரிகள் மொரிகாவா யுக்கியோவுடையவை. மெட்டுப் போட்ட செதோகுச்சி தோக்கிச்சி, கடற்படையின் புகழ்பெற்ற போர்க்கப்பல் அணிநடையை முன்பே உருவாக்கியவர். கெடாவுக்கு அது ஜப்பானியப் படையோடு வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. சில நாளில் ஜித்ரா போனது, அலோர் ஸ்டார் போனது, குரூண் போனது. 16ஆம் தேதி வாக்கில் பிரிட்டிஷ் படை மூடா ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கியபோது, சாலையோரத் தோட்டங்களின் கிராணிகளும் பால்மரத் தொழிலாளர்களும் துரையில்லாத தோட்டத்தில் நின்றார்கள். புது ஆட்சி கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றியது. ஏழரை ஒன்பது ஆயிற்று. 1942 ஜூனில் நிப்பொங்கோ எனும் ஜப்பானிய மொழியைப் பரப்ப ஒரு வாரமே ஒதுக்கப்பட்டது. பள்ளிகளில் கத்தகானா எழுத்தும், கிழக்கு நோக்கி வணங்குவதும், கிமிகாயோ தேசியகீதமும், இந்தப் படைநடைப் பாட்டும் ஒன்றாக நுழைந்தன. பொருள் தெரிந்துதான் பாடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வரிசையில் நின்று ஒரே குரலில் பாடினால் போதும்.

இதை மறுத்து முதலில் சொல்லப்படுவது, மலாயாவில் அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களில் பலர் தொண்ணூறு வயதிலும் அந்தப் பாட்டைத் தப்பில்லாமல் பாடுகிறார்களே, பாட்டு தங்கவில்லை என்பது எப்படி என்பதுதான். அவர்கள் பாடுவது உண்மை. அதற்கு ஒரு காரணம் இசையிலேயே இருக்கிறது. அக்கால ஜப்பானியப் பாட்டுகள் பல, மேல்நாட்டு மேஜர் சுர வரிசையிலிருந்து நான்காவதையும் ஏழாவதையும் விட்டுவிட்டு, மீதி ஐந்து சுரங்களில் அமைந்தவை. மத்யமமும் நிஷாதமும் இல்லாத அந்த ஐந்து சுரம்தான் நம்முடைய மோகனம். சினிமாப் பாட்டிலும் கோவில் பாட்டிலும் மோகனம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த மெட்டு அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் ஒருவர் நினைவில் இருப்பது வேறு, ஒரு சமூகத்தின் பாட்டாவது வேறு. சமூகத்தின் பாட்டு என்றால் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் அது வேறு சொல் எடுத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றித் தோட்டத்து மக்கள் பாடியதும் எழுத்தாளர்கள் எழுதியதும் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையை, அதில் போய்த் திரும்பாதவர்களை, மரவள்ளிக்கிழங்கை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களின் உயிர் அந்தப் பாதையில் இருக்கிறது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட, 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதைக்குப் பிள்ளையின் தகப்பனைப் பிடித்துக்கொண்டுபோன அதே ஆட்சிதான் பிள்ளைக்கு நாட்டுப்பற்றுப் பாட்டு கற்றுக்கொடுத்தது. அந்தப் பாட்டைத் தாய்மார்கள் தொட்டில் பக்கம் கொண்டுபோகாததில் வியப்பு என்ன?

பாட்டு தங்காததற்குக் கெடா முதலிய வட மாநிலங்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மலாயா முழுவதையும் ஒன்றாக எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். 1943 அக்டோபர் 18ஆம் தேதி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் சயாமுக்குக் கைமாறின. கெடா 'சைபுரி' ஆனது. ஜப்பானியப் படை ஊரைவிட்டுப் போகவில்லை என்றாலும் குடிமை நிர்வாகம் அவர்கள் கையில் இல்லை. பேராக்கிலும் சிலாங்கூரிலும் மூன்றரை ஆண்டு நடந்த ஜப்பானியமயமாக்கல், சுங்கை லாலாங் பக்கம் இரண்டு ஆண்டுக்குள் வேகம் இழந்தது. ஒரு தலைமுறையின் நாக்கில் பாட்டு ஏற இரண்டு ஆண்டு போதாது.

அதே மாதத்தில்தான் வேறொரு பாட்டும் வந்தது. 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அதன் கீதம், தாகூரின் மெட்டில் இந்துஸ்தானிச் சொற்களை ஏற்றிய 'சுப் சுக் செயின்'. கெடாவுக்குப் போஸின் இந்திய தேசிய இராணுவத்தோடு பழைய உறவு உண்டு. ஜித்ரா தோல்விக்குப் பிறகு கேப்டன் மோகன்சிங் ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவோடு பேசியது அலோர் ஸ்டாரில். அந்தப் படையின் விதை அங்கேதான் விழுந்தது. இந்துஸ்தானியும் தோட்டத்துத் தமிழருக்கு ஜப்பானிய மொழியைப் போலவே புரியாத மொழிதானே, அந்தப் பாட்டு மட்டும் எப்படி ஒட்டியது என்று இங்கே கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல் புரியாவிட்டாலும் எதற்காகப் பாடுகிறோம் என்பது இதில் புரிந்தது. படையில் சேர்ந்தால் சயாம் பாதைக்குத் தப்பலாம் என்ற கணக்கும் சிலருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் மட்டுமே பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பில் நின்று பழகிய கால்கள் முதல்முறையாகத் தங்கள் பெயரில் ஒரு படைக்காக வரிசையில் நின்றன. பெண்களுக்கு ஜான்சி ராணிப் படை இருந்தது. ஜப்பானியப் பள்ளியில் கற்ற நடையும் திரும்புதலும் கூட்டுக்குரலும் இங்கே வேறு வேலைக்கு வந்தன.

அணிவகுப்பு தங்கியதற்குப் போர் முடிந்த பிறகு நடந்ததுதான் வலுவான சான்று. 1946-47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. சீருடை, அணிவகுப்பு, பயிற்சி, கள்ளுக்கடை மறியல், பிறகு கூலி உயர்வுக்கான போராட்டம். 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி இறக்கும்வரை அது போனது. இதற்கு ஜப்பான் காரணமல்ல, காங்கிரசின் தொண்டர் மரபும் 1929இல் மலாயா வந்த பெரியாரின் சீர்திருத்தக் குரலும்தான் வேர் என்பார்கள். எண்ணத்துக்கு அவையே வேர் என்பதை ஏற்கலாம். ஆனால் 1930களிலும் அந்த எண்ணம் இருந்தது; நூற்றுக்கணக்கானோர் ஒரே அடியில் நடந்து கள்ளுக்கடைக்கு முன்னால் நிற்கும் பழக்கம் அப்போது தோட்டங்களில் இல்லை. அது நேதாஜி படை வழியாக வந்தது. நேதாஜி படையோ ஜப்பானிய ஆட்சியின் நிழலில் வளர்ந்தது. அன்புக் குதிரையைப் பாடிய ஆட்சி, குதிரையே இல்லாத ரப்பர்க்காட்டில் தான் நினைக்காத ஒன்றைப் பழக்கிவிட்டுப் போனது.

அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பைச் சொல்லி முதியவர்களைக் கேட்காதீர்கள். தலைப்பு அட்டவணைக்காரருக்கு உரியது. காதால் கற்றவர்களுக்குப் பாட்டு அதன் முதலடியில்தான் இருக்கும். நம் ஏட்டுச்சுவடிகளைச் செய்யுள் முதற்குறிப்பு அகராதியோடு பதிப்பித்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 'ஐகோக்கு' என்று கேட்டால் பீடோங்கிலோ சுங்கை லாலாங்கிலோ ஒருவரும் தலையசைக்காமல் போகலாம். முதல் சொல்லை மட்டும் முனகிக் காட்டினால் மீதியை அவர்களே பாடுவார்கள். பாடி முடித்ததும், அடுத்து எந்தப் படையில் நடந்தீர்கள் என்றும் கேளுங்கள். அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது.