முட்டைக்குப் பிறகுதான் மனுஷன்: ரேடியேட்டரின் கதை

நல்லம்பள்ளியில் உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் பற்றிப் பேசினால், "தம்பி, இங்க ஃபேன் காத்தே பத்தலை"ன்னு சொல்வீங்க. நியாயம்தான். ஆனா போன டிசம்பர்ல, ஜெர்மனியில் இருக்கும் என் காலேஜ் நண்பன் வீடியோ கால் பண்ணினான். புதுசா குடிபோன வீடு. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ரேடியேட்டர். கீழ்ப்பாதி தொட முடியாத சூடு, மேல்பாதி ஜில்லுனு இருக்கு. "மச்சி, சூடான தண்ணி மேலதானே போகணும்?"னு கேட்டான்.

நல்ல கேள்வி. பதில் எங்க வீட்டு மொட்டை மாடியிலேயே பாதி இருக்கு. சோலார் ஹீட்டரைப் பாருங்க: தண்ணீரைச் சூடாக்கும் குழாய்கள் கீழே, டேங்க் மேலே. நடுவில் மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் விரிந்து லேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். இதுக்குப் பேர் தெர்மோசைஃபன்.

இந்தச் சுழற்சியை வைத்துத்தான் ஐரோப்பாவில் சுடுதண்ணீர் ஹீட்டிங் வளர்ந்தது. வேடிக்கை என்னன்னா, முதலில் சூடு கிடைத்தது மனுஷனுக்கு இல்லை. 1716ல் இங்கிலாந்தின் நியூகாசிலில், மோர்ட்டன் ட்ரீவால்ட் என்ற ஸ்வீடன்காரர் சுடுதண்ணீரால் சூடாக்கியது செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை. 1777ல் பிரான்சில் போன்மேன் சூடாக்கியது கோழி முட்டைகளை! வெப்பம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ளும் தானியங்கிக் கருவியும் அதில் இருந்தது. நாமக்கல் பக்கம் பொரிப்பகம் வெச்சிருக்கிறவங்களுக்கு அவர் ஒரு வகையில் முன்னோடி. 1832ல் லண்டனில் ஏஞ்சியர் பெர்க்கின்ஸ், பேங்க் ஆஃப் இங்கிலாந்து கவர்னர் வீட்டில் குழாய் போட்டார். எதுக்கு? திராட்சை வளர்க்க.

1850களில்தான் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரான்ஸ் சான் கல்லி, இன்றைய ரேடியேட்டரின் மூதாதையை வார்ப்பிரும்பில் செய்தார்.

ஆனா ஒரு சிக்கல். எல்லாம் தண்ணீரின் இஷ்டப்படிதான் நடக்கணும். பாய்லர் நிலவறையில், ரேடியேட்டர் அதற்கு மேலே, குழாய்கள் தடிமனாக. 1920களின் கடைசியில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஓப்லேண்டர், குழாய்க்குள்ளேயே தண்ணீரைத் தள்ளிவிடும் மின்சாரப் பம்பைக் கொண்டுவந்தார். இப்படிப் பம்புகள் வந்த பிறகு குழாய் மெலிந்தது. ரேடியேட்டரை எங்கே வேணும்னாலும் மாட்டலாம்னு ஆச்சு. ஜன்னலுக்கு அடியில் படுத்திருந்தது, இடம் குறைந்த ஃபிளாட்டுகளில் எழுந்து நின்றது. விலை? கரண்ட் போனா சூடும் போச்சு.

இப்போ நண்பன் வீட்டுக்கு வருவோம். நெட்டை ரேடியேட்டரில் மேல்பக்கம் ஜில்லுனு இருந்தா முதல் சந்தேகம் காற்று. உச்சியில் இருக்கும் சின்ன திருகைத் திறந்து, புஸ்ஸுன்னு காற்று போய் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடணும். செஞ்சான். அப்பவும் மேல்பாதி சூடாகலை.

அடுத்த சந்தேகம் இணைப்பு. இந்த வகையில் தண்ணீர் வருவதும் போவதும் அடியிலேயே, பக்கத்துப் பக்கத்தில். பம்பு தள்ளும் தண்ணீர் நம்ம ஊர் டூவீலர்காரர் மாதிரி, சுத்திப் போகாது, குறுக்கு வழியில் வெளியேறிவிடும். அதனால் உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்து அதை மேலே ஏற வைப்பாங்க. வரும் குழாயையும் போகும் குழாயையும் மாற்றிக் கொடுத்தா அந்தத் தகடு வீண். பிளம்பர் வந்து பார்த்தப்போ அதேதான்: ரெண்டும் இடம் மாறியிருந்தது. சரிசெய்த அன்றைக்கு ராத்திரிதான் அவன் ஜாக்கெட் இல்லாமல் தூங்கினான்.

தானா மேலே ஏறிக்கிட்டிருந்த தண்ணீரை நாம் பம்பு வைத்துத் தள்ள ஆரம்பித்தோம். தள்ளினால் போதாது, வழியும் காட்டணும். கோட் எழுதுற எனக்கு இது ரொம்பப் பழகின பாடம். இங்கே மார்கழிக் காலையில் கரண்ட் இல்லாதப்பவும் மாடிக் குழாயில் சுடுதண்ணீர் வருது. இனிமேல் அதைத் திறக்கும்போது அந்தக் கோழி முட்டைகளை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்!